நரம்பு நோய்களை ஸ்டெம் செல் வழியாக ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈரலில் கோளாறு என்றால் ஊசி விட்டுத் துளி திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். ரத்தத்தில் என்றால் இன்னும் சுலபம். மூளையிலும் தண்டுவடத்திலும் அது நடக்காது. உயிரோடு இருக்கும் ஒருவரின் நரம்பு செல்லை எடுத்து வைத்துப் பார்க்க, அபூர்வமான சில அறுவை சிகிச்சைகளைத் தவிர, வழியே இல்லை. அதனால் வெகுகாலம் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்ததெல்லாம் இறந்தவர்களின் மூளைத் திசு. பார்க்கின்சன் நோயாளிக்குக் கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமைன் செல்களில் கணிசமான பகுதி போயிருக்கும். அவர் இறந்தபின் நாம் பார்ப்பது கடைசிக் காட்சி மட்டும். முதல் காட்சியில் என்ன நடந்தது என்பது அதிலிருந்து தெரியாது.

எலியை வைத்தும் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். எலி நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் இயக்க நரம்பு செல்கள் அழிந்து தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில் எலிக்கு வேலை செய்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதரிடம் தோற்றுப்போனதும் உண்மை.

இந்த முட்டுச்சந்தில் வழி திறந்தவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா. அவரும் கசுதோஷி தகாஹாஷியும் 24 ஜீன்களில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு போதும் என்று 2006-ல் காட்டினார்கள். எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்லுக்குள் இந்த நான்கையும் செலுத்தினால் அது தன் பழைய அடையாளத்தை விட்டுவிட்டு, கருவின் ஆரம்ப நாட்களில் இருக்கும் செல்லைப் போல ஆகிவிடுகிறது. எந்த செல்லாகவும் மாறக்கூடிய நிலை அது. 2007-ல் மனித செல்லிலும் இது நடந்தது. 2012-ல் யமனாகாவுக்கும், 1962-லேயே தவளையை வைத்து இதற்கு அடித்தளம் போட்ட ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு. இந்த செல்லின் முழுப் பெயர் தூண்டப்பட்ட பன்முகத்திறன் ஸ்டெம் செல். ஆய்வகத்தில் யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. ஐபிஎஸ் செல் என்பார்கள்.

2008-ல், ஏஎல்எஸ் இருந்த 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தோல் செல்லை இப்படிப் பின்னோக்கி இழுத்து, அதிலிருந்து இயக்க நரம்பு செல்களை உண்டாக்கிக் காட்டியது கெவின் எக்கன் குழு. நோய் தாக்கும் அதே வகை செல், அதே மரபணுவோடு, தட்டில் கிடைத்தது. இந்தத் துறை உண்மையில் தொடங்கியது அங்கேதான்.

இந்த வேலைக்குள் புதிதாக வரும் மாணவருக்கும், செய்தியில் படித்ததை ஒழுங்காகப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். செய்முறைத் தாள்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்றை இந்த வழிகாட்டி முழுக்கப் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன். நோயாளியின் செல்லுக்கும் ஆரோக்கியமானவரின் செல்லுக்கும் தட்டில் ஏதோ ஒரு வித்தியாசம் கட்டாயம் தெரியும். அது நோயால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா? ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முதல் படி: நோயைக் கேள்வியாக்குங்கள்

‘பார்க்கின்சனை ஆராயப்போகிறேன்’ என்று தொடங்கினால் இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே நிற்பீர்கள். எந்த செல், அதில் எதை அளக்கப்போகிறோம், எத்தனையாவது வாரத்தில் அளக்கப்போகிறோம் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

எல்லா நோயும் இந்த முறைக்கு ஒரே அளவில் இணங்காது. ஒற்றை ஜீனில் பழுது, சிறு வயதிலேயே தாக்கும் நோய், பாதிக்கப்படும் செல் எது என்பதில் சந்தேகம் இல்லை: இந்த மூன்றும் அமைந்தால் வெற்றிக்கு வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயான எஸ்எம்ஏ, பெரும்பாலும் சிறுமிகளைத் தாக்கும் ரெட் நோய்க்குறி, செல்லின் கால்சியம் வாயில் பழுதாகும் டிமோத்தி நோய்க்குறி எல்லாம் இந்த வகை. எழுபது வயதில் வரும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத அல்சைமர் இதற்கு நேர் எதிர். அதில் பல ஜீன்களின் சின்னச் சின்னப் பங்கும், ஒரு வாழ்நாளின் அனுபவமும் கலந்திருக்கும்.

நல்ல கேள்விக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். 2009-ல் அலிசன் எபர்ட், கிளைவ் ஸ்வென்ட்சன் குழு எஸ்எம்ஏ முதல் வகை உள்ள ஒரு குழந்தையின் செல்லையும், நோய் இல்லாத அதன் தாயின் செல்லையும் எடுத்துக்கொண்டது. இரண்டிலிருந்தும் இயக்க நரம்பு செல்கள் உண்டாகின்றனவா? உண்டாயின, ஆரம்பத்தில் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. சில வாரம் தள்ளிப் பார்த்தபோது குழந்தையின் செல்கள் குறைந்திருந்தன, சிறுத்தும் இருந்தன. செல்கள் உருவாவதில் கோளாறு இல்லை, உருவான பின்தான் அழிகின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. இறந்தவரின் தண்டுவடத்தை எத்தனை முறை வெட்டிப் பார்த்தாலும் கிடைக்காத விடை அது. காலத்தையும் ஒரு அளவுகோலாக வைத்ததால்தான் கிடைத்தது.

இரண்டாம் படி: யாரோடு ஒப்பிடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இந்தத் துறையில் வீணாய்ப் போன உழைப்பில் பெரும் பங்கு இந்தப் படியில் அவசரப்பட்டதால் போனது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு ஆரோக்கியமானவர்களின் ஐபிஎஸ் செல்களை அருகருகே வளர்த்தாலே அவை ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. ஒன்று வேகமாகப் பெருகும், இன்னொன்று நரம்பு செல்லாக மாறவே அடம்பிடிக்கும். பிரிட்டனில் நடந்த ஹிப்சை என்ற பெரிய திட்டம் நூற்றுக்கணக்கான ஐபிஎஸ் வரிசைகளை (ஒருவரிடமிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்க்கும் செல் தொகுப்பை வரிசை என்பார்கள்) அளந்து 2017-ல் ஒன்றைச் சொன்னது: செல்களின் பல பண்புகளில் காணும் வேறுபாட்டில் 5 முதல் 46 சதவீதம் வரை, கொடுத்தவர் வேறு ஆள் என்பதாலேயே வருகிறது. அப்படியிருக்க, ஒரு நோயாளி, சம்பந்தமே இல்லாத ஒரு ஆரோக்கியமானவர் என்று இருவரை வைத்து ஒப்பிட்டால், தெரிவது நோயா ஆளா என்று எப்படிச் சொல்வது?

இதற்குச் சரியான மருந்து, ஜீனைத் திருத்தும் கருவியான கிரிஸ்பர் வைத்து நோயாளியின் செல்லிலேயே அந்த ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக்கொள்வது. மற்ற மரபணு எல்லாம் அப்படியே இருக்கும். திருத்தியதும் திருத்தாததும் கிட்டத்தட்ட இரட்டையர். முடிந்தால் எதிர்த் திசையிலும் செய்யுங்கள்: ஆரோக்கியமானவரின் செல்லில் அதே பிழையைப் புகுத்துங்கள். திருத்தினால் கோளாறு மறைய வேண்டும், புகுத்தினால் தோன்ற வேண்டும். இரண்டும் நடந்தால் நெஞ்சில் கைவைத்து ‘இது இந்த மரபணுவால்தான்’ என்று சொல்லலாம்.

ரெட் நோய்க்குறியில் இயற்கையே இந்த உபகாரத்தைச் செய்து வைத்திருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிக் கிடக்கும். ஒரே சிறுமியிடமிருந்து எடுத்த வரிசைகளில், பழுதான எம்ஈசிபி2 ஜீன் இயங்கும் வரிசையும் நல்ல ஜீன் இயங்கும் வரிசையும் தனித்தனியாகக் கிடைப்பதுண்டு. அடங்கிய எக்ஸ் நாள்பட வளர்க்கும்போது நழுவி விழித்துக்கொள்ளும் என்பதால், அதை மட்டும் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. ஒரே நோயாளியிடமிருந்து மூன்று குளோன் (ஒற்றைச் செல் கூட்டத்திலிருந்து தனியாக வளர்த்தது), ஒவ்வொன்றிலும் ஆறு கிணறு (வளர்ப்புத் தட்டின் சிறு குழி) என்றால் பதினெட்டு அளவு கிடைக்கும். ஆனால் நோயாளி ஒருவர்தான். புள்ளியியலில் அந்தப் பதினெட்டை எண்ணிக்கையாகப் போட்டால் பொய்யான உறுதி கிடைக்கும். கையில் பணம் குறைவு என்றால் கிணறுகளைக் குறைத்துக்கொண்டு ஆட்களைக் கூட்டுங்கள்.

அப்புறம் அந்த ஆட்கள். தோலோ ரத்தமோ கொடுப்பவர் ஒரு மனிதர்; பெரும்பாலும் மருந்தில்லாத நோயோடு இருப்பவர், அல்லது அப்படி ஒரு குழந்தையின் தாய். அவர் செல் பல வருடம் பெருகும், வேறு ஆய்வகங்களுக்குப் போகலாம், அதன் மரபணு முழுவதும் வாசிக்கப்படும். இதையெல்லாம் அவருடைய மொழியில் சொல்லி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இது சிகிச்சை ஆகாது, இதனால் அவருக்கு நேரடிப் பலன் வராது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டு நரம்பு நோயைக் குணப்படுத்துகிறோம் என்று நிரூபணம் இல்லாமல் காசு வாங்கும் இடங்கள் உலகமெங்கும் உண்டு. ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தார் கண்ணில் தெரியும் நம்பிக்கையைத் தவறாக வளரவிடக் கூடாது.

மூன்றாம் படி: செல்லைப் பின்னோக்கி இழுப்பது

இந்தப் படிக்குப் பெயர் பெரிது, இப்போது வேலை சின்னது. தோலில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டு, அல்லது ஒரு குழாய் ரத்தம் போதும்; சிறுநீரில் உதிரும் செல்களைக்கூட எடுக்கிறார்கள். நான்கு ஜீன்களையும் ஏற்றிச் செல்ல இப்போது அதிகம் பயன்படுவது சென்டாய் வைரஸ். அது ஆர்என்ஏ வைரஸ், செல்லின் டிஎன்ஏவுக்குள் ஒட்டிக்கொள்ளாது, பல தலைமுறை வளர்த்தபின் தானாக மறைந்துவிடும். மறைந்ததா என்று சோதித்து உறுதிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

மூன்று நான்கு வாரத்தில் கூட்டங்கள் தெரியும். அவற்றைத் தனித்தனியாக எடுத்து வளர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குளோன். ஆக்ட்3/4, நானாக், டிஆர்ஏ-1-60 போன்ற குறியீட்டுப் புரதங்கள் இருக்கின்றனவா, கருவில் உடல் முழுவதும் உருவாகும் மூன்று படலத்துக்கும் உரிய செல்களாக மாற முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் நோயாளியின் செல் செல் வங்கியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கேஓஎல்எஃப்2.1ஜே என்ற ஆரோக்கியமான வரிசையைப் பல ஆய்வகங்கள் பொது அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அதிலேயே அல்சைமர், பார்க்கின்சன் தொடர்பான மாற்றங்களைப் புகுத்தி வருகின்றன. எல்லோரும் ஒரே அடிப்படையில் நின்றால் ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்க்க முடியும். ஆறு மாத உழைப்பும் மிச்சம்.

நான்காம் படி: தினமும் பார்த்துக்கொள்வது

ஐபிஎஸ் செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, பெரும்பாலான மீடியங்களில் (செல் வளரும் ஊட்டத் திரவம்) அநேகமாக தினமும் மாற்றம். நல்ல கூட்டம் மைக்ரோஸ்கோப்பில் எப்படி இருக்கும் என்பதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும்: செல்கள் நெருக்கமாக, ஒன்றின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு ஒட்டி நிற்கும், உட்கரு பெரிதாக இருக்கும், கூட்டத்தின் விளிம்பு வழவழப்பாக, கத்தரித்து எடுத்தது போல இருக்கும். விளிம்பில் தட்டையாகப் பரந்து, இழுத்து நீட்டிய மாதிரி செல்கள் தெரிந்தால் அவை தாமாகவே வேறொன்றாக மாறத் தொடங்கிவிட்டன என்று பொருள். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, பிப்பெட் முனையால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடுங்கள். இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பாதித் தட்டு போயிருக்கும்.

பெருகிய செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் நடும் நாள் முக்கியமானது. முதலில், செல் ஒட்டிக்கொள்ளத் தட்டில் பூசும் மேட்ரிஜெல் பூச்சு: குளிரில் திரவம், அறைச் சூட்டில் கட்டியாகிவிடும் பொருள். முனைகளையும் குழாய்களையும் முன்கூட்டியே குளிர வைத்திருக்காவிட்டால் பூச்சு திட்டுத் திட்டாகும், செல் ஒட்டுவதும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அடுத்து, பழைய மீடியத்தை எடுத்துவிட்டு செல்களின் பிடியைத் தளர்த்தும் ஈடிடிஏ கரைசலை விட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம். செல்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகளாக இடைவெளி தெரியும் நொடியில் ஈடிடிஏவை உறிஞ்சிவிட வேண்டும். புது மீடியத்தை ஊற்றினால் செல்கள் சின்னச் சின்னக் கொத்தாகக் கழன்று வரும். அவற்றைப் போட்டு அடித்துத் தனித்தனி செல்லாக உடைக்காதீர்கள். தனியாகப் போனால் பெரும்பாலும் செத்துவிடும். உடைத்தே ஆக வேண்டும் என்றால் ராக் என்ற நொதியை அடக்கும் ஒய்-27632-ஐ 10 மைக்ரோமோலார் சேர்த்து ஒரு நாள் வைக்க வேண்டும். அது மனித ஸ்டெம் செல்லைக் காப்பாற்றுகிறது என்று யோஷிகி சசாய் குழு 2007-ல் கண்டுபிடித்த பிறகுதான் இந்த வேலை மனிதர் செய்யக்கூடியதாக ஆனது. நட்ட தட்டை இன்குபேட்டரில் வைக்கும்போது முன்பின், இடவலம் என்று குறுக்கே மெதுவாக ஆட்டுங்கள். வட்டமாகச் சுழற்றினால் செல்லெல்லாம் நடுவில் போய்க் குவிந்துகொள்ளும்.

தெரியாமல் வரும் ஆபத்து குரோமோசோமில். வேகமாகப் பெருகும் செல் தட்டைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கோளாறு அந்த வேகத்தைத் தருகிறதோ அது பரவும். 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 20க்யூ11.21 என்ற சிறு பகுதி இரட்டிப்பாவது மிகவும் அடிக்கடி வருவது. அது செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஜீனைக் கூட்டிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் இந்தத் துண்டு பெரும்பாலும் சாதாரணக் குரோமோசோம் படத்தில் தெரியாத அளவு சிறியது; அதற்கென்று தனிச் சோதனை வேண்டும். ‘நோயாளியின் நரம்பு செல்கள் சாகின்றன, கட்டுப்பாட்டு செல்கள் (ஒப்பிடுவதற்கு வைத்தவை) சாகவில்லை’ என்ற உங்கள் முடிவு, கட்டுப்பாட்டு வரிசையில் இந்த இரட்டிப்பு இருந்ததால் மட்டும் வந்திருக்கலாம். பத்துப் பத்து தலைமுறைக்கு (பிரித்து நடுவது ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை) ஒருமுறை இதைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் செல்லைத் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை மாதம் ஒருமுறை. வரிசை ஆள்மாறிப் போகவில்லை என்று எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனையால் உறுதிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, சோதித்த நல்ல செல்லை நிறைய உறையவைத்துக்கொண்டு ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதிலிருந்தே புதிதாக எடுங்கள்.

ஐந்தாம் படி: நரம்பு செல்லாக்குவது

மூன்று வழிகள் உண்டு. கேள்வியைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது, கரு வளரும் பாதையிலேயே கூட்டிப் போவது. 2009-ல் ஸ்டுவர்ட் சேம்பர்ஸ், லாரன்ஸ் ஸ்டூடர் குழு காட்டிய இரட்டை ஸ்மாட் தடுப்பு முறைதான் இன்றும் அடித்தளம். தோலாகவோ குடலாகவோ தசையாகவோ போகச் சொல்லும் இரண்டு சமிக்ஞைகளை அடைத்துவிட்டால், செல் தானாகவே நரம்புப் பக்கம் திரும்பிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில், நரம்புப் பாதைக்கு வந்ததன் அடையாளமான பேக்ஸ்6 புரதம் தெரியும். பிறகு பிரித்து நட்டால் சில நாளில் ரோசெட் வரும். முதல் முறை பார்ப்பவர் மறக்கமாட்டார்: நடுவே ஒரு சின்ன வெற்றிடம், அதைச் சுற்றி நீண்ட செல்கள் இதழ் அடுக்கிய மாதிரி நிற்கும். கருவில் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாகத் தொடங்குகின்றன அல்லவா, அந்தக் குழாயின் குறுக்குவெட்டைத் தட்டில் படுக்கவைத்தது போல.

இங்கிருந்து இடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரெட்டினோயிக் அமிலத்தோடு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டினால் தண்டுவடத்தின் இயக்க நரம்பு செல்கள். எச்பி9, ஐஎஸ்எல்1 குறியீடுகள் தெரியும். சோனிக் ஹெட்ஜ்ஹாக்கோடு, சிஹெச்ஐஆர்99021 என்ற மருந்தால் விண்ட் பாதையையும் தூண்டினால் நடுமூளையின் டோபமைன் செல்கள். எஃப்ஓஎக்ஸ்ஏ2-வும் எல்எம்எக்ஸ்1ஏ-வும் ஒரே செல்லில் சேர்ந்து தெரிந்தால்தான் பாதை சரி. சிஹெச்ஐஆர் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மூளையின் வேறு பகுதிக்குப் போய்விடும். ஒவ்வொரு வரிசைக்கும் அந்த அளவைத் தனியே தேடிப் பிடிக்க வேண்டும், அலுக்காமல்.

இரண்டாவது, குறுக்குவழி. என்ஜிஎன்2 என்ற ஒற்றை ஜீனை வலுக்கட்டாயமாக இயக்கினால் இரண்டு வாரத்துக்குள் நரம்பு செல்கள் கிடைக்கும் என்று தாமஸ் சூடாஃப் குழு 2013-ல் காட்டியது. தட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி செல்கள், வரிசைக்கு வரிசை வேறுபாடும் குறைவு. ஆயிரம் மருந்தைச் சோதிக்க வேண்டும் என்றால் இதுவே வசதி. வளர்ச்சிக் கோளாறுகளுக்கு இது உதவாது. வளர்ச்சியின் கட்டங்களை எல்லாம் தாண்டிக் குதித்துவிடுகிறதே.

மூன்றாவது, ஸ்டெம் செல் நிலைக்கே போகாமல் தோல் செல்லை நேராக நரம்பு செல்லாக்குவது. மார்யுஸ் வெர்னிக் குழு 2010-ல் எலியில் மூன்று ஜீன் வைத்து இதைச் செய்தது. இதன் அருமை வயதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எந்த வழியில் போனாலும், கிடைத்த செல்களில் எத்தனை சதவீதம் நீங்கள் கேட்ட வகை என்று ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். ஒரு தட்டில் 60 சதவீதம், இன்னொன்றில் 30 சதவீதம் என்றால் அவற்றை ஒப்பிடவே கூடாது. நான்காம் வாரத்துக்கு மேல் மீடியத்தைப் பாதி மட்டும், கிணற்றின் சுவரோடு வழியவிட்டு மாற்றுங்கள். நேராக மேலே ஊற்றினால் பல வாரமாகப் பின்னிய வலை மொத்தமும் பாய் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து கழன்று வந்துவிடும்.

ஆறாம் படி: தட்டையா, உருண்டையா

தட்டையான வளர்ப்பில் ஒவ்வொரு செல்லையும் தெளிவாகப் பார்க்கலாம், எண்ணலாம். ஆனால் மூளை அடுக்கடுக்காக உருவாவதை அதில் பார்க்க முடியாது. வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யுர்கன் நோப்லிக்கும் 2013-ல் மூளை ஆர்கனாய்டு என்ற உருண்டைகளை வளர்த்தார்கள். தலை சிறுத்துப் பிறக்கும் நோயுள்ள ஒருவரின் செல்லிலிருந்து வளர்ந்த உருண்டையும் சிறியதாக இருந்தது. தாய்ச் செல்கள் போதுமான அளவு பெருகும் முன்பே நரம்பு செல்லாக மாறிவிட்டது காரணம். அதே நோய்க்கு எலியில் ஜீனைக் கெடுத்துப் பார்த்தபோது இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. 2016-ல் ஜிக்கா வைரஸ் இந்தத் தாய்ச் செல்களைத் தாக்குகிறது என்று சில மாதத்துக்குள் சொல்ல முடிந்ததும் இப்படி வளர்த்த செல்களாலும் உருண்டைகளாலும்தான்.

உருண்டையின் குறை, ரத்தக் குழாய் இல்லாதது. வளர வளர நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போகாமல் செத்துவிடும். ஒரே தொகுதியில் ஒன்று அழகாகவும் பக்கத்தில் உள்ளது அலங்கோலமாகவும் வரும். அளவு, வடிவம், வளர்ச்சிக் கட்டம் பற்றிய கேள்விக்கு உருண்டை. செல் சாவு, மின் துடிப்பு, மருந்துச் சோதனைக்குத் தட்டை என்பது என் வழக்கம்.

துணை செல்களையும் மறக்க வேண்டாம். ஏஎல்எஸ் உண்டாக்கும் ஜீன்களில் ஒன்றான எஸ்ஓடி1 பழுதுள்ள எலியின் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்லோடு சேர்த்து வளர்த்தால் நல்ல இயக்க நரம்பு செல்லும் சாகிறது என்று 2007-லேயே தெரிந்தது. நோய் நரம்பு செல்லில்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டினால் பாதிக் கதை தப்பிப்போகும்.

ஏழாம் படி: அளப்பது

நோயாளியின் நரம்பு செல்களில் கிளைகள் குட்டையாக இருப்பதைப் பார்த்து நான் ஒருமுறை மிகவும் சந்தோஷப்பட்டேன். மூன்று தடவை செய்தும் அதே வந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான், நடும்போது எண்ணிக்கையைச் சமமாகப் போட்டிருந்தாலும் மறுநாள் ஒட்டியிருந்த உயிருள்ள செல்கள் நோயாளி வரிசையில் பாதிக்கு அருகில்தான் என்பது தெரிந்தது. நரம்பு செல்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தாங்கும். இடைவெளி விட்டு இருந்தால் தளர்ந்துபோகும். ஒட்டிய எண்ணிக்கையைச் சமமாக்கியதும் வித்தியாசம் காணாமல் போனது. நான் அளந்தது நோயை இல்லை, அடர்த்தியை. அதிலிருந்து, நட்ட மறுநாள் ஒவ்வொரு கிணற்றையும் படம் எடுத்து எண்ணாமல் எந்த அளவையும் தொடங்குவதில்லை.

தட்டின் ஓரக் கிணறுகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும். அங்குள்ள செல்கள் வேறு மாதிரி நடக்கும். நோயாளி வரிசையை ஒரு பக்கமும் கட்டுப்பாட்டை மறுபக்கமும் வைக்காமல் கலைத்து நடுங்கள். எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் எண்ணிட்டுக் கொடுக்கட்டும். இரண்டு வரிசைகளையும் ஒரே நாளில், ஒரே மீடியத் தொகுதியில் தொடங்குங்கள்.

என்ன அளப்பது? செல் சாவைப் பார்க்க, ஒரே செல்லை நாள்தோறும் படம் எடுத்துத் தொடர்வது கடைசி நாளில் எண்ணுவதைவிட நம்பகமானது. மின் நடத்தைக்குப் பல மின்முனைத் தட்டு முழு வலையின் துடிப்பைத் தரும். நுண்குழாய் முனையைச் செல்லில் ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் ஒற்றைச் செல்லுக்குள் நடப்பதைத் தரும், ஆனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் கொஞ்சம் செல்தான் முடியும். செல் துடிக்கும்போது கால்சியம் ஏறுவதை ஒளியாகக் காட்டும் கால்சியம் படம் இரண்டுக்கும் நடுவில். எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏ வாசிப்பு ஆயிரக்கணக்கான வித்தியாசங்களைக் கொட்டும். அவற்றில் எது காரணம், எது விளைவு என்று அது சொல்லாது.

எட்டாம் படி: சரிசெய்து காட்டுவது

வித்தியாசம் கிடைத்த பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. ஜீனைத் திருத்தினால் மறைகிறதா? மறைந்தால், மருந்தால் மறையச் செய்ய முடியுமா?

இதில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஒரு வரலாறு உண்டு. 2014-ல் பிரயன் வெய்ங்கர், கிளிஃபர்ட் உல்ஃப், கெவின் எக்கன் குழு, ஏஎல்எஸ் நோயாளிகளின் இயக்க நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடிக்கின்றன என்று கண்டது. எஸ்ஓடி1 மட்டுமில்லை, வேறு ஜீன்களால் வந்த ஏஎல்எஸ்ஸிலும் அதே. வலிப்புக்கு ஏற்கெனவே இருந்த ரெட்டிகாபின் என்ற மருந்து அந்தத் துடிப்பை அடக்கியது. ஏற்கெனவே மனிதருக்குக் கொடுத்த மருந்து என்பதால் எலிப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் நோயாளிகளிடம் போக முடிந்தது. 65 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வந்தது: மருந்து அவர்களின் நரம்புக் கிளர்ச்சியைக் குறைத்தது. தட்டில் பார்த்த அளவும் மனிதரிடம் பார்த்த அளவும் பொருந்தின. நோயின் போக்கையே மாற்றுகிறதா என்று சொல்ல அந்தச் சோதனை சிறியது. ஆனாலும் தட்டில் எதை அளந்தார்களோ அதையே நோயாளியிடமும் அளக்கும்படி கேள்வியை முதலிலேயே அமைத்துக்கொண்டார்களே, அதுதான் பாடம்.

ஜப்பானில் ஹிதேயுகி ஒக்கானோ குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஏஎல்எஸ் நோயாளிகளின் செல்களில் சோதித்து, பார்க்கின்சன் மருந்தான ரோபினிரோலைத் தேர்ந்தெடுத்து 20 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்கா இன்னும் நீண்ட வழி வந்திருக்கிறார். டிமோத்தி நோய்க்குறி உள்ளவர்களின் நரம்பு செல்களில் கால்சியம் அளவுக்கு மீறி நுழைவதை 2011-ல் காட்டினார். 2024-ல், நோயாளிகளின் செல்லிலிருந்து வளர்த்த உருண்டைகளை எலியின் மூளையில் நட்டு, பழுதான ஆர்என்ஏ துண்டைத் தவிர்க்கச் செய்யும் ஒரு மருந்தை எலிக்குக் கொடுத்து, அந்த மனித செல்களில் கோளாறு சரியாவதைக் காட்டினார்.

ஒன்பதாம் படி: வயது

82 வயதுப் பெண்மணியின் செல்லைப் பின்னோக்கி இழுத்தால் அந்த 82 வருடமும் அழிந்துவிடும். கிடைக்கும் நரம்பு செல் கருவில் உள்ளதைப் போன்றது. முதுமையில் வரும் நோய்க்கு இது பெரிய இடைஞ்சல். ஸ்டூடர் குழு 2013-ல் ப்ரோஜெரின் என்ற, முதுமையை வேகப்படுத்தும் புரதத்தை நரம்பு செல்லுக்குள் செலுத்தி, பார்க்கின்சன் செல்களில் அதுவரை தெரியாத அறிகுறிகளை வெளியே கொண்டுவந்தது. இன்னொரு வழி முன்பு சொன்ன நேர் மாற்றம்: ஸ்டெம் செல் நிலையைத் தொடாததால் கொடுத்தவரின் வயது அடையாளங்கள் செல்லில் மிஞ்சுகின்றன என்று ஃப்ரெட் கேஜ் குழு 2015-ல் காட்டியது. இந்த செல் பெருகாது, கிடைப்பது கொஞ்சம்தான். இதுவரை முழு விடை யாரிடமும் இல்லை. உங்கள் கேள்வி முதுமை நோய் பற்றியது என்றால் முதல் படியிலேயே இதைக் கணக்கில் எடுங்கள். நோய் வெளிப்படும் முன்பு, ஆரம்பத்தில் என்ன கோணுகிறது என்று கேட்டால் இளம் செல்லும் பதில் சொல்லும்.

முதல் ஆறு மாதம் இப்படிப் போகட்டும்

வங்கியிலிருந்து ஆரோக்கியமான இரண்டு வரிசைகளை மட்டும் வாங்குங்கள். முதல் மாதம் அவற்றை வளர்ப்பது, உறையவைப்பது, உருக்கி மறுபடி வளர்ப்பது, குரோமோசோம் பார்ப்பது. இரண்டாம், மூன்றாம் மாதம் நரம்பு செல்லாக்குவது, மூன்று தனித்தனித் தொகுதியாக. நான்காம் மாதம் உங்கள் அளவீட்டை இந்த ஆரோக்கியமான செல்களிலேயே செய்து, தொகுதிக்குத் தொகுதி எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். நோயால் எதிர்பார்க்கும் வித்தியாசம் அந்த ஆட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் ஐந்தாம், ஆறாம் மாதத்தை அளவீட்டைத் திருத்தச் செலவிடுங்கள். நோயாளியின் குப்பியைத் திரவ நைட்ரஜனிலிருந்து வெளியே எடுப்பது அதற்கு அப்புறம்.